கதவைச் சாத்திக்கொண்டு உடுத்தும் சேலை

ஜூன் 3, செவ்வாய்

காலையிலேயே புழுக்கம். தெப்பக்குளத்துப் பக்கமிருந்து ஒரு காற்றும் இல்லை.

“டீச்சர், பேரையூர்ல இத யாரு மாட்டிவிடுவா?” ஞாயிறன்று ஜோதி கேட்டது. இன்னும் காதைவிட்டுப் போகவில்லை.

பக்கத்து வீட்டுப் பார்வதியின் மகள். வயது இருபத்தாறு. உயரம் என் இடுப்புக்குச் சற்று மேலே. பிறவியிலேயே கைகால் குட்டையான உடல்வாகு. பி.எட். முடித்துவிட்டாள். திங்கட்கிழமை பேரையூரில் ஒரு பள்ளியில் அறிவியல் டீச்சராகச் சேர வேண்டும். அங்கே சேலைதான். தனியாக அறை எடுத்திருக்கிறாள். ரவிக்கையும் சேலையும் நான் தைத்துத் தருகிறேன் என்று நானாகத்தான் சொன்னேன்.

ரவிக்கை கச்சிதம். தெருவே மெச்சியது. ஆனால் கொக்கிகள் முதுகில். அவள் கை அங்கே எட்டாது. பார்வதி மாட்டிவிட்டாள், கூடவே சொன்னாள்: “இதுக்குத்தான் நானும் கூட வாரேங்கேன்.” ஜோதியின் முகம் அப்படியே விழுந்துபோனது.

முன்பக்கம் பார்க்க அழகாக இருக்கட்டும் என்று நினைத்தேன். யார் பார்க்க?

மதியம் எல்லாக் கொக்கியையும் பிரித்தேன். மோர்சோறு. உறக்கம் இல்லை.

ஜூன் 4, புதன்

ஜோதியுடன் துணிக்கடை. விற்பவர் அவளைத் தாண்டி என்னிடம்: “பாப்பாவுக்கா? கிட்ஸ் செக்ஷன் மாடியில இருக்கும்மா.”

ஜோதி: “பாப்பாவுக்கு ஓட்டுப்போடுற வயசு தாண்டி எட்டு வருசம் ஆச்சுண்ணே. கீழயே சுங்குடிச் சேலையக் காட்டுங்க.”

மனிதர் பதறி, கேட்காததையெல்லாம் விரித்துப்போட்டார். மாம்பழ மஞ்சள், அரக்குக் கரை எடுத்தோம். ஆட்டோவில் ஒரே சிரிப்பு. பிறகு அவளே சொன்னாள்: “காலேஜ் முடியுற வரைக்கும் எனக்குச் சேர்ற சட்டை எல்லாத்துலயும் ஒரு பட்டாம்பூச்சி இருந்துச்சு டீச்சர்.”

வாங்க: டிச் பட்டன், அகல எலாஸ்டிக், அரக்கு நூல், உருளைக்கிழங்கு.

ஜூன் 5, வியாழன்

சேலையை மேல்விளிம்பில் வெட்டிச் சிறிதாக்கினேன், கீழ்க்கரை தப்பியது. கொசுவத்தை மடித்துத் தைத்து, பாவாடை மாதிரி காலை நுழைத்து ஏற்றிக்கொள்ளும்படி இடுப்பில் எலாஸ்டிக். பார்வதி வாசலில் நின்று, “புதுச் சேலையிலயா கத்தரி வைக்கிறீக!” என்றாள். எனக்கும் கை கூசத்தான் செய்தது.

மேசைமேல் விரித்தபோது கீழ்விளிம்பு நேர்க்கோடு. ஜோதி உடுத்தியதும் பின்பக்கம் தூக்கிக்கொண்டது. அவளுக்கு இடுப்பு உள்வாங்கி, பின்புறம் எடுப்பாக இருக்கிறது. துணி அங்கே ஏறிவிடுகிறது. வகுப்பில் வரைபடத்தைச் சுருக்கிக் காட்டுவேன். மதுரை சுருங்கும், வைகையும் அதே கணக்கில் சுருங்கும். உடம்பு அப்படி இல்லை. ஜோதியின் மார்பும் தோளும் ஏறத்தாழ என் அளவு. கை மட்டும் பாதி. பின்விளிம்பை இறக்கிவிட வேண்டும்.

ஜெபக்கூட்டத்துக்குப் போகவில்லை. நிலைகொள்ளவில்லை.

ஜூன் 6, வெள்ளி

கரண்ட் போய்ப் போய் வருகிறது.

ஒன்று தோன்றியது: என் கையும் ஜோதியின் கையளவே எட்ட வேண்டும். இரண்டு முழங்கையையும் விலாவோடு சேர்த்துத் துண்டால் கட்டிக்கொண்டேன். அப்படியே என் ரவிக்கையைப் போடப் பார்த்தேன். ஒரு கை நுழைந்தது. இன்னொன்று நடுவழியில் நின்றது. அந்த நேரம் பார்வதி.

“என்ன டீச்சர், திருடன் வந்து கட்டிப்போட்டானா?”

விளக்கினேன். சிரித்தவள் நிறுத்திக்கொண்டாள். “அதான் சொல்றேன். நான் இருந்தா ஒரு நிமிசம்.” பிறகு, “காலையில அவளுக்குக் கொக்கி மாட்டிவிட்டாத்தான் டீச்சர் எனக்குப் பொழுது விடியும். அவ போயிட்டா நான் என்ன செய்ய?”

காப்பி போட்டேன்.

கட்டிய கையோடு கண்டது: முன்கொக்கி வைத்தாலும் கழுத்தருகே இருப்பது எட்டாது, கழுத்தை இறக்கு. ரவிக்கைக் கையைக் குட்டையாக, தளர்வாக வை. முந்தானையைத் தோளுக்குமேல் வீச முடியாது. முந்தானையைத் தனியே வெட்டி, அதன் மேல்மடிப்பை ரவிக்கைத் தோளிலேயே தைத்துவிட்டு, வலப்பக்க இடுப்பில் அழுத்திப் பூட்டும் டிச் பட்டனால் சேலையோடு சேர்.

ஜூன் 7, சனி

பிரிப்பதும் தைப்பதும். ஊசி விரலில். உருளைக்கிழங்கு வாங்க இன்றும் மறதி. நாளைக்கும் சரியாக வராவிட்டால் பார்வதி பேரையூருக்குக் கிளம்பிவிடுவாள். பை தயாராக வாசலில் இருக்கிறது, பார்த்தேன்.

ஜூன் 8, ஞாயிறு

ஆராதனை முடிந்து நேரே அவர்கள் வீடு. சேலையையும் ரவிக்கையையும் கையில் கொடுத்தேன். ஜோதி அறைக்குள் போய்த் தாழ்போட்டுக்கொண்டாள்.

வெளியே நாங்கள் இருவர். உள்ளே துணி உரசும் சத்தம். ஏதோ கீழே விழுந்தது. பார்வதி எழுந்தாள். “ஏடி, முடியலன்னா கூப்பிடு.”

“கூப்பிட மாட்டேன். உக்காரு.”

இடையில் ஒரு கெட்ட வார்த்தை கேட்டது. அறிவியல் டீச்சர் சொல்லக்கூடாதது. பார்வதி என்னைப் பார்த்தாள். நான் விசிறியைப் பார்த்தேன்.

கதவு திறந்தது. மஞ்சள் சேலை. விளிம்பு சுற்றிலும் ஒரே மட்டம். நெற்றியெல்லாம் வியர்வை. ஒரு கொக்கி மட்டும் இடம் மாறி, ரவிக்கை ஒரு பக்கம் ஏறியிருந்தது. பார்வதியின் கை நீண்டது. பாதியில் தானே மடங்கிக்கொண்டது.

“கொக்கி மாறியிருக்குடி,” என்றாள், கையைக் கட்டிக்கொண்டு.

ஜோதி குனிந்து பார்த்தாள். கழற்றினாள். மாட்டினாள்.

பார்வதி வாசலிலிருந்த பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். பீரோ திறக்கும் சத்தம். தன் சேலைகளைத் திரும்ப அடுக்குகிறாள்.

இனி இன்னொருவருக்குத் துணி வெட்ட உட்காருகிறவர் யாரானாலும்: முதலில் முழங்கைகளை விலாவோடு கட்டிக்கொண்டு, கதவைச் சாத்தி, உங்கள் சட்டையை நீங்களே போட்டுப் பாருங்கள்.