விட்டுப்போன ஒன்பது அதிகாரங்கள்

நாள் 1. 06:20
நிலையம்: என்செலடஸ், சனியின் பனி நிலவு. ஆள்: ஒருவர். ஞானதுரை, துளைப்பான் பொறியாளர். துளை ஆழம் 2,140 மீட்டர். உள் வெப்பம் 21.

இன்று முதல் இன்னொரு வேலையும் சேர்கிறது. வேதாகமம் முழுவதும் ஒரு வருடத்தில். வார நாளில் மூன்று அதிகாரம், ஞாயிறு ஐந்து, சத்தமாக, வரிசையாக. ஒன்றும் விடக் கூடாது. பாளையங்கோட்டையில் என் மனைவி ஹெப்சிபாவும் அதே நாளில் அதே அதிகாரங்களை வாசிப்பாள். மகள் பியூலாவுக்கு ஒன்பது வயது, இரத்தப் புற்றுநோய். பிள்ளை பிழைக்க வேண்டும் என்று கடவுளுக்கு நேர்ந்துகொண்ட பொருத்தனை. வைத்தது ஹெப்சி, தலையாட்டியது நான். செய்தி போக எண்பது நிமிடம், வர எண்பது நிமிடம். இவ்வளவு தூரத்திலிருந்து தலையாட்டுவதைத் தவிர ஒரு தகப்பன் வேறு என்ன கிழிப்பான்?

நாள் 24. 07:05
துளை 2,212. யாத்திராகமம். வனாந்தரத்தில் தொழுவதற்குக் கட்டிய ஆசரிப்புக் கூடாரத்துக்கு எத்தனை பலகை, எத்தனை கொக்கி, எந்த நிறத் திரை என்று எல்லாம் எழுதிவைத்திருக்கிறார்கள். எங்கள் நிறுவனம் கொடுத்த வரைபடத்தில் இந்த ஒழுங்கு இருந்தால் நான் பாதி நாள் திட்டாமல் இருப்பேன்.

பியூலாவின் குரல் செய்தி: "அப்பா, அம்மா வாசிக்கும்போது நான் தூங்குதேன்னு நெனைக்கா. நான் கேட்டுக்கிட்டுதான் கெடக்கேன். சொல்லிராதீங்க."

நான்கு தடவை போட்டுக் கேட்டேன்.

நாள் 106. 18:40
துளைப்பான் மூன்று நாளாகச் சிக்கிக் கிடந்தது. கை விரலெல்லாம் வெடித்துவிட்டது. நாளாகமம் முதல் புத்தகம் இப்படித் தொடங்கும் என்று யாரும் சொல்லவில்லை. இன்னான் இன்னானைப் பெற்றான், அவன் இவனைப் பெற்றான், ஒன்பது அதிகாரம் முழுக்கப் பேர். இரண்டாம் பேரிலேயே கண் சொக்கியது. சுவரில் ஒட்டியிருக்கும் வாசிப்பு அட்டவணையில் ஒன்பது கட்டத்துக்கும் டிக் போட்டுவிட்டேன். பேர்ப்பட்டியலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கதைதானே முக்கியம்.

நாள் 140. 09:15
யோபு. பிள்ளைகளைப் பறிகொடுத்து உட்கார்ந்திருப்பவனிடம் வந்து, நீ ஏதோ தப்பு செய்திருக்கிறாய், அதனால்தான் என்று சிநேகிதர்கள் பேசுகிறார்கள். "வாயை மூடுங்களய்யா!" என்று கத்தினேன்.

பியூலாவுக்கு எலும்பு மஜ்ஜை சிகிச்சை தொடங்கிவிட்டது. முடிய இன்னும் மூன்று வாரம்.

நாள் 163. 11:52
ஹெப்சியின் செய்தி: "என்னங்க. நம்ம பிள்ளை போயிட்டா. காலையில ஏழே காலுக்கு. உங்களத்தான் கேட்டா."

துளை

எழுத வரவில்லை.

நாள் 165. 10:10
அடக்கம் முடிந்துவிட்டது. ஹெப்சி: "நாம பொருத்தனையில ஏதும் கொறை வச்சிட்டோமா? நீங்க ஒண்ணும் விடாம வாசிச்சியளா? உண்மையச் சொல்லுங்க."

சொல்ல நினைத்தேன். மைக்கைக் கையில் எடுத்ததும் பயம் வந்துவிட்டது. என் பிள்ளையை இவன்தான் கொன்றான் என்று அவள் நினைத்துவிடுவாள் என்ற பயம். கடவுள் அப்படிக் கணக்குப் பார்ப்பவர் அல்ல என்று எனக்கே நிச்சயம் இல்லாதபோது அவளுக்கு எப்படிச் சொல்வேன்?

அனுப்பியது: "ஒரு அதிகாரம்கூட விடல, ஹெப்சி. எல்லாம் வாசிச்சேன்."

நாள் 166. 15:30
மின்கசிவு. டிரான்ஸ்மிட்டர் எரிந்துவிட்டது. மாற்றுப் பாகம் இல்லை. இரண்டு சூடேற்றிகளில் ஒன்றும் போய்விட்டது. பூமியின் செய்தியைக் கேட்கலாம், பதில் அனுப்ப முடியாது. தனி பேட்டரியில் ஓடும் நிலைகாட்டி மட்டும் மணிக்கு ஒருமுறை "நலம்" என்று பூமிக்குச் சொல்லிக்கொண்டிருக்கும். காற்று இருக்கிறதா என்பதைத் தவிர அதற்கு ஒன்றும் தெரியாது. பனிக்குள் நாற்பது மீட்டர் ஆழத்தில் புதைந்திருக்கிறது, என் கைக்கு எட்டாது.

நாள் 167. 08:25
ஹெப்சி: "நீங்க விடலைன்னா அப்ப நான்தான். உங்ககிட்ட சொல்லல. பிள்ளைக்குக் காய்ச்சல் ஏறுன அன்னைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவுல அப்படியே தூங்கிட்டேன். யோபுல மூணு அதிகாரம் விட்டுப்போச்சு. மறுநாள் சேத்து வாசிக்கல. நான்தாங்க நம்ம பிள்ளையக் கொன்னுட்டேன்."

அடி பாவி மகளே, இல்லை. மூன்று இரவு கண் மூடாமல் பிள்ளைக்குப் பக்கத்தில் இருந்தவள் நீ. நான் சோம்பேறித்தனத்தில் ஒன்பது விட்டவன். அதையும் மறைத்தவன்.

டிரான்ஸ்மிட்டரை மூன்றாம் முறையாகப் பிரித்துப் பார்த்தேன். கரிக்கட்டை.

நாள் 172. 08:30
உள் வெப்பம் 6. ஹெப்சி: "ஏன் பேசமாட்டேங்கியோ? எம்மேல கோவமா இருக்கியளா? திட்டவாவது செய்யுங்க."

செத்துப்போன மைக்கில் இரண்டு மணி நேரம் கத்தினேன்.

நாள் 183. 08:30
உள் வெப்பம் 1. கையுறையோடு எழுதுகிறேன். ஹெப்சி: "நிலையம் நல்லாத்தான் இருக்கு, அவருக்கு ஒண்ணும் இல்லன்னு ஆபீஸ்ல சொல்லுதாங்க. அப்ப பேச மனசு வரல, அதான? உங்க எடத்துல நான் இருந்தாலும் பேசமாட்டேன். இனி கூப்பிட்டுத் தொந்தரவு பண்ணல. ஒடம்பப் பாத்துக்கிடுங்க."

நாள் 190
மணி பார்க்கவில்லை. வெப்பம் கழித்தல் 4. ஏழு நாளாகச் செய்தி இல்லை. வரவேண்டிய கப்பல் இன்னும் பதினான்கு மாதத் தொலைவில். இரண்டாவது சூடேற்றி நேற்று நின்றுவிட்டது.

இதைக் கண்டெடுப்பவருக்கு. என்னைப் பிறகு பார்த்துக்கொள்ளுங்கள். முதலில் பாளையங்கோட்டையில் ஹெப்சிபாவிடம் போங்கள். உன் புருஷன் ஒன்பது அதிகாரம் விட்டான், உன்னிடம் பொய் சொன்னான் என்று சொல்லுங்கள். உன் மேல் அவனுக்குக் கோபமே இல்லை, ஒரு நாளும் இல்லை என்று சொல்லுங்கள். அவள் நம்பமாட்டாள். உட்கார்ந்து மறுபடியும் சொல்லுங்கள், அவள் நம்பும்வரை எழுந்து வந்துவிடாதீர்க