பலகையில் தொங்கிய டோக்கன்கள்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். நாங்களும் அப்படியே என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. மாமா படியில் விழுந்து காலில் அடிபட்டது என்று போனில் சொன்னேனே, அது பொய் பாப்பா. நிஜத்தைச் சொல்ல நாக்கு எழவில்லை, அதனால் எழுதுகிறேன்.

முலாம் கூடத்துக்குப் பின்னால் முப்பது வருஷமாக ஊறிய விஷ மண்ணை அள்ளும் வேலைக்கு நானும் மாமாவும் மாறியது உனக்குத் தெரியும். கூடத்தை ஒருநாள் நிறுத்தக்கூட முதலாளிக்கு மனசு வரவில்லை, உள்ளே முலாம் ஓடுகிறது, வெளியே பள்ளத்தில் நாங்கள் ஆறு பேர். கழிவு ஆசிட் போகும் குழாய் அரித்துப்போய்ப் பள்ளத்துக்குள்ளேயே ஒழுகும். அதனால் இறங்குகிறவன் தன் டோக்கனை வால்வுப் பக்கத்துப் பலகையில் மாட்ட வேண்டும், ஏறியதும் கழற்ற வேண்டும், ஒரு டோக்கன் தொங்கினாலும் வால்வைத் திறக்கக் கூடாது. செவ்வாய்க்கிழமை டீ நேரத்தில் வால்வு திறந்தது. டீ வேண்டாம் என்று மாமா மட்டும் கீழே நின்றிருந்தான். அவன் போட்ட சத்தம் மனுஷச் சத்தமாகவே இல்லை. மேலே தூக்கிப் போட்டுப் பூட்ஸை உருவினால் தோலும் சேர்ந்து வந்தது. எனக்குக் கண்மண் தெரியவில்லை. வால்வுக்காரர் யார், நம்ம சோடாபுட்டி, உனக்கு சைக்கிள் பழக்கிய ஆள். டோக்கன் தொங்குனா ஆள் இருக்குன்னு எவன்டா நம்புவான் என்று கத்தினார். கையிலிருந்த ஸ்பேனரால் வாயிலேயே அடித்தேன். மூன்று பல் தரையில் விழுந்தது, கண்ணாடிச் சில்லு கன்னத்தில் ஏறியது. விழுந்தவரை மிதித்தேன், நாலு பேர் பிடித்து இழுத்தும் எட்டி எட்டி மிதித்தேன். அப்போதும் ஆத்திரம் அடங்கவில்லை.

வீட்டுக்கு வந்து கை கழுவும்போதுதான் அந்த மனுஷன் சொன்னது உறைத்தது. டீக்குப் போறதுக்கெல்லாம் எதுக்குடா கழட்டி மாட்டிக்கிட்டு, கிடக்கட்டும் விடுங்க என்று முதலில் ஆரம்பித்தவன் நான். என்னைப் பார்த்து எல்லோரும் பழகிக்கொண்டார்கள். ஆளில்லாத பள்ளத்துக்குத் தினமும் ஆறு டோக்கன் தொங்கும், வால்வைத் திறக்கவில்லை என்று இன்ஜினியர் அவரை நாயாகத் திட்டுவான். அன்றைக்கும் ஆறு தொங்கியது, அதில் ஐந்து பொய், ஒன்று மாமாவுடையது.

மாமாவுக்கு இடது காலை முழங்காலோடு எடுத்துவிட்டார்கள். அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, என் தம்பி கால எடுத்தவன் கை புழுத்துப் போகணும், அவன் பொண்டாட்டி தெருவுல நிக்கணும் என்று தினமும் சபிக்கிறாள். சோடாபுட்டியைத்தான் சபிப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவள் போட்ட சோற்றைத் தின்கிறேன். திங்கட்கிழமை விசாரணை. வாயத் தெறக்காத, பழி அந்தாளோட போகட்டும் என்று கூட்டாளிகள் சொல்கிறார்கள். என்னால் முடியாது, சொல்லிவிடுவேன். அதற்கு முன்னால் அம்மாவிடம் சொல்ல வேண்டும்.

குழந்தைக்கு என் முத்தம். மூவரும் தீர்க்காயுசாக இருங்கள். குளிரில் மாப்பிள்ளையை வெறும் காலோடு நடக்கவிடாதே. இது உன் கைக்கு வரும்போது அம்மாவுக்குத் தெரிந்திருக்கும். எனக்காகப் பரிந்து அவளிடம் ஒரு வார்த்தைகூடப் பேசாதே. அவள் போன் அடித்தால் முதல் மணியிலேயே எடு.

இப்படிக்கு,
உன் அப்பா