பின்வாசல் கோலம்

ஆரியசாலை,
திருவனந்தபுரம்,
ஆவணி மாதம், 1953.

என் அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் உலகம்மை வணங்கி எழுதிக்கொள்வது. இங்கே நானும், நம் மங்கலமும், அத்தையும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். இந்த வரியை நன்றாக மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். பாதியில் பயந்துபோய் தந்தி ஆபீசுக்கு ஓட வேண்டாம். உங்கள் சுபாவம் எனக்குத் தெரியாதா?

எப்போதும் நான் எழுதியதை அத்தைக்குப் படித்துக் காட்டிவிட்டுத்தான் கவரை ஒட்டுவேன். இதைப் படித்துக் காட்டப் போவதில்லை. அத்தை பழவங்காடிப் பிள்ளையாரைக் கும்பிடப் போயிருக்கிறார்கள். திரும்புவதற்குள் எழுதி முடித்துவிட வேண்டும்.

உங்கள் மகளுக்கு மேல்வாயில் பல் வந்துவிட்டது. நீங்கள் இன்னும் முகம் பார்க்காத பிள்ளை, அச்சாக உங்கள் முகம்; கோபம் மட்டும் என்னுடையது. தவழ ஆரம்பித்ததிலிருந்து வீட்டில் ஒரு சாமான் அதன் இடத்தில் இருப்பதில்லை. காலையில் கண் விழித்ததும் நேரே பின்வாசல்படிக்குப் போய், அத்தை போட்ட கோலத்தை அழித்து, மாவு ஒட்டிய விரலைச் சப்பிக்கொண்டு வருவாள் என்று முன்பு எழுதியிருந்தேனே. வெள்ளை வாயோடு வருகிறவளை அத்தை கோலக்கள்ளி என்று கூப்பிட்டுத் தூக்கிக்கொள்வார்கள். அதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் பம்பாயிலிருந்து திரவியம் அண்ணாச்சியிடம் கொடுத்தனுப்பிய பூச்சிப்பொடி டப்பா வந்து சேர்ந்தது. அன்று அத்தையைப் பார்த்திருக்க வேண்டும். என் மகன் வேலை பார்க்கிற கம்பெனிச் சரக்காக்கும் என்று தெரு முழுவதும் சொல்லி வந்தார்கள். டப்பாவின் மேல் இருந்த இங்கிலீஷ் எழுத்தை விரலால் தடவித் தடவிப் பார்த்தார்கள். நம் வீட்டில் அதைப் படிக்க யார் இருக்கிறார்கள்? கட்டில் சந்துகளில் தூவினால் போதும் என்று நீங்கள் சொன்னதாக அண்ணாச்சி சொன்னார். அப்படியே செய்தோம். மூட்டைப்பூச்சி போன இடம் தெரியவில்லை. பொய் சொல்லக் கூடாது, எவ்வளவோ காலத்துக்குப் பிறகு நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

அப்புறம் ஆடி மழை பிடித்துக்கொண்டது. முற்றத்துப் புற்றில் தண்ணீர் ஏற, சிவப்பெறும்பெல்லாம் வீட்டுக்குள் வந்துவிட்டன. ஒரு நாள் மங்கலத்தின் தொடையைக் கடித்து, தடித்துப் போய், பிள்ளை விடாமல் அழுதாள். அவளைவிட அத்தைதான் அதிகம் தவித்தார்கள். மறுநாள் காலை கோலமாவில் அந்தப் பொடியை ஒரு கை அள்ளிக் கலந்துவிட்டார்கள். எறும்பு எப்படியும் கோலத்தைத் தின்ன வரும், தின்னட்டும், இனி என் பேத்தியைக் கடிக்காது என்று நினைத்திருக்கிறார்கள். நான் அடுக்களையில் இருந்தேன், எனக்குத் தெரியாது. இரண்டும் வெள்ளை. பார்த்தாலும் தெரிந்திருக்காது.

கோழிகளைத் திறந்துவிட்டால் அவை முதலில் போகிற இடம் பின்வாசல்படி. அதற்கு அத்தைதான் காரணம். கோலம் போட்டு மீந்த மாவை அவற்றுக்குத்தானே உதறுவார்கள்? அன்றும் ஓடி வந்து கோலத்தை முழுவதும் கொத்தித் தின்றன. மங்கலத்துக்குச் சளியாக இருந்ததால், கீழே விடாமல் தொட்டிலிலேயே போட்டு வைத்திருந்தேன். அவள் கத்திய கத்தல் தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும். எறங்க விடேன் உலகம்மை, பிள்ளை தொண்டை கட்டிரப் போகுது என்று அத்தைகூடச் சொன்னார்கள். ஏதோ பிடிவாதம், நான் விடவில்லை.

உச்சிப்பொழுதில் சாம்பல் கோழி கழுத்தைத் திருக்கிக்கொண்டு விழுந்தது. கால் வெடவெடவென்று நடுங்கியது. பிறகு ஒன்றன்பின் ஒன்றாகப் பலாமரத்தடியில் சிறகை அடித்துக்கொண்டு விழுந்தன. அடுக்களை மூலையில் கூடைக்குள் அடைகாத்துக்கொண்டிருந்த புள்ளிக்கோழி மட்டும் தப்பியது. அன்று காலை அது முட்டையை விட்டு எழுந்திருக்கவில்லை.

அத்தை இதைக் கோழிக்கு வருகிற கழிச்சல் நோய் என்றுதான் நினைத்தார்கள். அடுத்த வீட்டு ரத்னாபாய் மிருக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம் என்றதும், உயிர் ஊசலாடிக்கொண்டிருந்த செவலைக் கோழியைக் கூடையில் வைத்து, தன் பழைய சேலையால் மூடி, மழையிலேயே கிளம்பிவிட்டார்கள். அங்கே நடந்தது ரத்னாபாய் சொல்லித்தான் எனக்குத் தெரியும். டாக்டர் மலையாளத்துக்காரர். என்ன தின்றது என்று கேட்டிருக்கிறார். கோலமாவு என்றதும், அரிசிமாவைத் தரையில் ஏன் போடுகிறீர்கள் என்று அவருக்குப் புரியவில்லை. ரத்னாபாய் மலையாளத்தில் விளக்கிச் சொன்னாளாம். கூட எதுவும் சேர்த்தீர்களா என்று கேட்டதற்கு, அத்தை பெருமையாகவே, என் மகன் பம்பாயிலிருந்து அனுப்பின பொடி என்றிருக்கிறார்கள். டாக்டர் கோபப்படவில்லை. வீட்டில் கொச்சுப் பிள்ளைகள் உண்டோ என்று மட்டும் கேட்டாராம். அத்தை அந்த ஆஸ்பத்திரிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

பிறகு இருவரும் ஓடி வந்தார்கள். பிள்ளையின் வாயை, நகக்கண்ணை, துணியை எல்லாம் பார்த்தோம். ஒன்றும் இல்லை. அவள் அன்று தரையையே தொடவில்லை. வாந்தியோ நடுக்கமோ கண்டால் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லியிருந்தார் டாக்டர். அன்று பூராவும் நான் அவளை மடியைவிட்டு இறக்கவில்லை. கடவுள் புண்ணியத்தில் ஒன்றும் வரவில்லை. அதற்குப் பிறகுதான் எனக்கு அழுகையே வந்தது.

செத்த கோழிகளைச் சமைக்கக் கூடாது, நாய்க்கும் போடக் கூடாது என்றாராம் டாக்டர். கிணற்றுக்குத் தூரமாக ஆழக் குழி தோண்டிப் புதைத்தோம். படியடி மண்ணையும் சுரண்டி அதோடு போட்டோம். இறகில் செள்ளுப்பேன் பிடித்தால்கூட அந்தப் பொடியைக் கோழிமேல் தூவக் கூடாதாம். கோழி தன் இறகைத் தானே கோதும் அல்லவா, மேலே கிடப்பதெல்லாம் வயிற்றுக்குத்தான் போகும். அதனால் பலாமரத்தடியில் அடுப்புச் சாம்பலும் காய்ந்த வேப்பிலைத் தூளும் மண்ணோடு கலந்து ஒரு குழி நிறையப் போட்டிருக்கிறேன். புள்ளிக்கோழி அதில் புரண்டு குளிக்கிறது. கூட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தாகிவிட்டது. எறும்புக்கு வாசல்படியில் மஞ்சள்பொடி, தொட்டில் கயிற்றில் வேப்பெண்ணெய். உங்கள் பொடி மாதிரி இவை ஒரே நாளில் வேலை செய்வதில்லை. மஞ்சளைச் சுற்றிக்கொண்டு வேறு வழியாக எறும்பு வரத்தான் செய்கிறது. நான் விளக்குமாற்றோடு நிற்கிறேன், வேறென்ன.

அந்த டப்பாவை என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. முற்றத்தில் கொட்டினால் கிணறு, ஓடையில் கொட்டினால் அடுத்த வீட்டு வாத்து. சாக்கில் சுற்றிக் கட்டிப் பரண்மேல் வைத்திருக்கிறேன். நீங்கள் வந்து ஒரு வழி பண்ணுங்கள்.

இன்னொன்று. உங்கள் கோடவுன் தரையெல்லாம் மாவு மில் போல வெள்ளையாக இருக்கும், தலையில் பொடியோடுதான் அறைக்குத் திரும்புவேன் என்று வேடிக்கையாக எழுதியிருந்தீர்கள். அப்போது படித்துவிட்டு நானும் அத்தையும் சிரித்தோம். இப்போது அந்தக் கடிதத்தை எடுத்துப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள். கை கழுவாமல் சோற்றில் கை வைக்காதீர்கள். வேறு இடத்தில் வேலை கிடைக்குமா என்று பாருங்கள். சம்பளம் குறைந்தாலும் நான் சமாளித்துக்கொள்வேன்.

இனி, நான் இந்தக் கடிதம் எழுத உட்கார்ந்த காரணத்துக்கு வருகிறேன். அன்று ஆஸ்பத்திரியிலிருந்து வந்து பிள்ளையின் வாயைத் துடைத்ததுதான். அதற்குப் பிறகு அத்தை மங்கலத்தைத் தொடவே இல்லை. அவள் தவழ்ந்து போய் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கிறாள். அத்தை இரண்டு கையையும் முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டு, உலகம்மை, வந்து எடுத்துக்கிடு என்கிறார்கள். பிள்ளைக்கு ஒன்றும் புரியாமல் அவர்கள் முகத்தையே பார்க்கிறாள். நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். எறும்புக்கு வைக்கிற சாப்பாட்டுல விஷம் வச்ச கையாக்கும் இது, இதால பிள்ளையைத் தூக்கலாமா என்று ஒரு தடவை சொன்னார்கள். அதற்கு மேல் பேச்சு இல்லை. எனக்கும் அவர்களுக்கும் ஆயிரம் சண்டை நடந்தது உங்களுக்குத் தெரியும். இந்தப் பேச்சில்லாத அத்தையை என்னால் பார்க்க முடியவில்லை.

கோலத்தை மட்டும் நிறுத்தவில்லை. புதிதாக இடித்த பச்சரிசி மாவு, புதுக் கிண்ணம். போடுவதற்கு முன் ஒரு சிட்டிகை எடுத்துத் தன் நாக்கில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நிற்கிறார்கள். பிறகுதான் குனிகிறார்கள். நான் ஜன்னல் வழியாகத் தினமும் பார்க்கிறேன், பார்த்ததாகக் காட்டிக்கொள்வதில்லை.

நீங்கள் உடனே ஒரு கடிதம் போடுங்கள். எனக்கு வேண்டாம், அம்மாவுக்கென்று தனியாக. கோழியைப் பற்றியோ பொடியைப் பற்றியோ ஒரு வார்த்தையும் வேண்டாம். அம்மா, என் பிள்ளையை நீ தூக்கிக்கோ என்று எழுதினால் போதும்.

உங்கள் கடிதங்களை அத்தைக்குப் படித்துக் காட்டுகிறவள் நான்தானே, இதையும் நானே சேர்த்துப் படிக்கலாமே என்று நினைப்பீர்கள். நீங்கள் அம்மாவை விசாரிக்க மறந்த கடிதங்களிலெல்லாம், மூட்டுவலி எப்படி இருக்கிறது என்று நானே சேர்த்துப் படித்திருக்கிறேன். ஒரு தடவைகூட அவர்கள் ஏமாந்ததில்லை. உன் சத்தம் மாறுதுட்டி என்று சிரிப்பார்கள். இந்த வரியை அப்படிப் படிக்க எனக்கு வராது. நான் படித்து முடித்ததும், எந்த இடத்தில் எழுதியிருக்கிறான், காட்டு என்பார்கள். விரலால் தடவிப் பார்ப்பார்கள். அந்த இடத்தில் உங்கள் எழுத்து இருக்க வேண்டும் அத்தான்.

பிள்ளையார் உங்களைக் காப்பாற்றட்டும். படியில் செருப்புச் சத்தம் கேட்கிறது, அத்தை வந்துவிட்டார்கள். மங்கலம் தவழ்ந்து போகிறாள்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
உலகம்மை