மாமி திரும்பிப் பார்க்கக் கூடாது

ஏப்ரல் 9, வியாழன்

காலையில் மழை, பத்து மணிக்கு வெயில், மத்தியானம் திரும்பவும் மழை. விரியில் நான் வேலை செய்யும் கிடங்குக்கு லொறி பிந்தி வந்தது. யார் யாரோ சத்தம் போட்டார்கள். எனக்கு ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. நாளை மறுநாள் படகுப் போட்டி!

செய்ய வேண்டியவை:
– மைக்குக்குச் சார்ஜ் போட
– ரோல்ஸுக்கு மீன் (டின் மீன் வேண்டாமாம், மாமியின் கட்டளை)
– லைஃப் ஜாக்கெட் கழுவ, ஒரே நாற்றம்
– மாமியிடம் கதைக்க

கடைசியைத்தான் திங்கள் தொடக்கம் தள்ளிக்கொண்டே வருகிறேன்.

பிறகு வாசித்துச் சிரிக்க, முழுதாகவே எழுதி வைக்கிறேன். கோடையில், இங்கே அது டிசம்பரில் வரும், கவிதாதான் என்னை இழுத்துப்போய்ப் படகு வலிக்கும் வகுப்பில் சேர்த்தாள். சென்னைக்காரி, பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில் பழக்கம். எனக்குக் கால் மிதிபலகைக்கு எட்டவில்லை. ஆகவே பயிற்சியாளர் டேவ் என்னைப் படகின் பின்முனையில் இருத்தி, சுக்கான் கயிற்றையும் மைக்கையும் கையில் தந்துவிட்டார். துடுப்புப் போடும் நாலு பேருக்கும் முதுகுதான் போகிற பக்கம். முன்னுக்குப் பார்க்கிற ஒரே ஆள் நான். வளைவுக்குத் திருப்புவது, வேகம் சொல்வது, கத்துவது எல்லாம் என் வேலை.

ஒரு நாள் ஒரு ஆள் குறைந்தது. மாமி, என் புருஷனின் அம்மா, என்னோடு சும்மா வந்து காருக்குள் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார். டேவ் போய், ஏறுகிறீர்களா என்று கேட்டார். ஏறிவிட்டார்! அறுபது வயது. அதற்குப் பிறகு அந்த இடத்தை யாருக்கும் விடவே இல்லை. ஆக, என் கண்ணுக்கு முன்னால் கவிதா, அவளுக்குப் பின்னால் மேரே, கேரன், ஆகக் கடைசியில் மாமி. மாமியின் இருக்கைக்குப் படகுக்காரர் வைத்த பெயர் ‘பௌ’, முன்முனை என்று அர்த்தம்.

நல்ல பலமாக வலிப்பார். ஆனால் நாலு வலிப்புக்கு ஒரு தரம் கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்ப்பார். “போற இடம் பாராமல் என்னெண்டு பிள்ளை போறது?” பார்க்கிற நேரம் துடுப்புப் பிந்தும். போன கிழமை அது தண்ணீரில் மாட்டிப் படகு சரிந்தது. மேரே ஆற்றுக்குள் போகாதது அருந்தப்பு.

திங்கள் டேவ் என்னைத் தனியே கூப்பிட்டார். “சனிக்கிழமையும் திரும்பினால் அந்த இடத்துக்கு வேறு ஆள்தான், ஷாமினி. ஆபத்து. பெயரைச் சொல்லிக் கத்து. பௌ என்றால் தன்னைத்தான் என்று அவருக்குப் பிடிபடவில்லை.”

பெயரைச் சொல்லியா! மாமியின் பெயர் ரோசலின். கலியாணமாகி இத்தனை வருடத்தில் அந்தப் பெயர் ஒரு தரமும் என் வாயில் வந்ததில்லை. டாக்டரிடம் கூட்டிப்போனால், பெயர் கேட்கிற பெட்டையிடம் பாஸ்போர்ட்டை நீட்டிவிட்டு நிற்பேன்.

ஏப்ரல் 10, வெள்ளி

மழை இல்லை. காற்றும் இல்லை. நாளைக்கும் இப்படியே இருக்க வேண்டும், ஆண்டவரே.

பின்னேரம் ரோல்ஸ் சுற்றும்போது தொடங்கினேன்.

“மாமி, நாளைக்கு...”

“ஓம், நானும் சொல்ல நினைச்சனான். நாளைக்குப் படகைக் கரைப் பக்கம் விடாத பிள்ளை. போன முறை அந்தச் சிவப்பு மிதவையில முட்டப் பாத்தனி.”

முட்டப் பார்க்கவே இல்லை. நல்ல இடைவெளி இருந்தது. எரிச்சலில் மிச்சம் வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது.

ஜூட்டிடம் சொன்னேன். “உங்கட அம்மா. நீங்களே சொல்லுங்கோ.”

“படகில நான் இல்லையே.” நழுவிவிட்டார் மனிசன்.

மாமி கிளப் சட்டையை அயர்ன் பண்ணி, ஞாயிறு பூசைச் சேலைக்குப் பக்கத்தில் தொங்கவிட்டிருக்கிறார். மன்னாரில் உள்ள தங்கச்சிக்குப் படமும் அனுப்பியாயிற்று. இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து பிள்ளை பார்ப்பு, சமையல், கோயில். தனக்கென்று அவர் தேடிக்கொண்டது இந்த ஒரு இருக்கைதான். அதைப் பறிக்கிற வேலையை டேவ் என் தலையில் கட்டிவிட்டார். அது நியாயமே இல்லை.

ஏப்ரல் 11, சனி

பின்னேரம் எழுதுகிறேன். தொண்டை கட்டிவிட்டது. சந்தோஷம் தாங்க முடியவில்லை, பயமும் போகவில்லை.

விடிய பிளாட் புஷ் வீட்டிலிருந்து வெளிக்கிட்டோம். குளிர். ஆற்றின் மேல் புகைபோல மூட்டம், கரையில் இலையுதிர்கால மஞ்சள் இலைகள், கார் நிறுத்த இடமில்லை. கூடாரம் கூடாரமாய் ஆட்கள். எவ்வளவு படகு!

எங்கள் மேசையில்: மாமியின் மீன் ரோல்ஸ், கவிதாவின் எலுமிச்சைச் சாதம், கேரனின் வாழைப்பழக் கேக், மேரே வீட்டில் சுட்ட பாண், யாரோ பை நிறையக் கொண்டுவந்த பீஜோவாப் பழம். கேரன் என்னிடம், “நாங்கள் வலிக்க வந்தோமா, கலியாணத்துக்கு வந்தோமா?”

நீலச் சட்டை போட்ட நாலைந்து பெண்கள் வாசத்துக்கு வந்து நின்றார்கள். மாமி ஒரு தட்டு நிறைய அடுக்கி, “ஈட், ஈட்” என்று கையில் திணித்தார்.

கவிதா பதறினாள். “ஆன்ட்டி, அவங்கதான் நம்ம ரேஸ்ல போட்டி!”

“அதுக்கென்ன? பசியோட ஆக்களைப் போட்டிக்கு விடுறதே?”

நீலச் சட்டைக்காரர் இரண்டாவது தட்டும் முடித்தார்கள்.

எங்கள் முறை. ஆறு படகு. கவிதா பல்லைக் கடித்துக்கொண்டு, “கத்து ஷாமினி, வெக்கப்படாம கத்து.” கொடி விழுந்தது. நாலு படகு பறந்துவிட்டன. மிச்சம் நாங்களும் நீலச் சட்டையும், பக்கத்தில் பக்கத்தில். ரோல்ஸ் நன்றாகவே வேலை செய்கிறது என்று நினைத்தேன்.

பாதித் தூரத்தில் மாமியின் கழுத்துத் திரும்பியது.

“பௌ!” என்றேன். கேட்கவில்லை. திரும்பவும் பார்த்தார். துடுப்புப் பிந்தியது, படகு ஆடியது, நீலச் சட்டை முன்னுக்குப் போனது.

“மாமி, திரும்பாதேங்கோ!”

“அந்தப் படகு கிட்ட வருது பிள்ளை!”

கரையில் டேவ் சைக்கிளில் கூடவே வந்துகொண்டிருந்தார். ஒரு கையால் தலையைப் பிடித்துக்கொண்டார். அதைக் கண்டதும் எனக்குள் என்னவோ பிய்ந்தது.

“ரோசலின்! திரும்பாத! நான் பாக்கிறன்!”

மைக்கில். ஆறு முழுக்கக் கேட்டிருக்கும். திரும்பாதேங்கோ என்றுகூட வரவில்லை. கவிதாவின் வாய் திறந்தபடி நின்றுவிட்டது, கை மட்டும் நிற்கவில்லை. மாமியின் முகம் நேரே என் பக்கம் வந்தது. அப்படியே நின்றது. நாலு துடுப்பும் ஒரே சத்தமாய் விழுந்தது. முதல் தடவை! படகு என்னை முதுகில் தள்ளியது. “ரோசலின், நல்லது! ரோசலின், இன்னும்!” நிறுத்தவே முடியவில்லை என்னால். எல்லைக்கு முன்னால் நீலச் சட்டையை ஒரு முழம் முந்தினோம்.

ஐந்தாமிடம்!! கடைசி இல்லை!! மேரே தண்ணீரை அள்ளி என் தலையில் ஊற்றினாள். கவிதா அழுதாள். “ஆமா, அழறேன், அதுக்கென்ன இப்போ?”

டேவ் ஓடிவந்து மாமியின் கையைக் குலுக்கினார். “அடுத்த போட்டிக்கும் இதே இடம், ரோஸ்.” மாமி தலையாட்டினார். படகு கழுவினார். நீலச் சட்டைக்காரரைக் கட்டிப்பிடித்தார். எல்லாரோடும் சிரித்துக் கதைத்தார். என்னோடு மட்டும் ஒரு சொல் இல்லை. காரிலும் இல்லை. சொன்னதைத் திருப்பி எடுக்கவும் முடியாது, சும்மா இருக்கவும் முடியவில்லை. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தால் சத்தமே வரவில்லை, தொண்டை அப்படி.

வீட்டுக்கு வந்ததும் மாமி அறைக்குள் போய் மன்னாருக்குப் போன் போட்டார். குளிக்கத் துவாயோடு வந்தவள் நடையில் நின்று கேட்டேன். கேட்கக் கூடாதுதான். கேட்டேன்.

“ஓம், மருமகள்தான். என்ர பேரைச் சொல்லிக் கூப்பிட்டவள். எல்லாருக்கும் கேக்க, மைக்கில.”

அந்தப் பக்கம் சின்ன மாமி ஏதோ பெரிதாகச் சொல்கிறார்.

“சும்மா இரடி. அவளை ஏன் ஏச வேணும்? எனக்கு நெஞ்சு திடுக்கிட்டதுதான். இன்னும் அவளோட கதைக்கேல்ல, வெக்கமாக் கிடக்கு. இவ்வளவு நாளும் என்னால எல்லாரும் பிந்தி இருக்கினம்... இல்லை, பிறகு திரும்பேல்ல. அவள் பாக்கிறாள்தானே, நான் ஏன் பாக்க வேணும்?”

குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, தண்ணீரைத் திறந்துவிட்டு நன்றாக அழுதேன்.

கதவில் தட்டு. “பிள்ளை, கெதியா வா. எனக்கும் குளிக்க வேணும், ஆத்துச் சேறு நாறுது.”