மழை நாளுக்கு இரண்டு அடி: புதிர்ப்போட்டியின் ஏழாம் கேள்வி குறித்து மூன்றாவது மனு

அனுப்புநர்:
லோஷினி த/பெ திருச்செல்வம்,
ஐந்தாம் படிவ மாணவி,
சுங்கை மெராந்தி தோட்டம்,
பகாவ், நெகிரி செம்பிலான்.

பெறுநர்:
மாணவர் விவகாரப் பிரிவுத் தலைவர்,
தெலாகா பீரு கல்லூரி,
சிரம்பான்.

பொருள்: வட்டாரச் சுற்றில் மாற்றப்பட்ட விடையை, நூல் அச்சாகும் முன் திருத்தக் கோருதல்

மதிப்பிற்குரிய ஐயா,

தங்களுக்கு நான் அனுப்பும் மூன்றாவது மனு இது. முதல் மனுவுக்கு, எழுத்து ஆதாரம் வேண்டும் என்று பதில் வந்தது. இரண்டாவதற்குப் பதில் வரவில்லை. ஆகையால் நடந்ததை மறுபடியும் முதலிலிருந்து எழுதுகிறேன்.

1. தங்கள் கல்லூரியின் தமிழ்க் கழகம் ஜூலை 12 அன்று இடைநிலைப்பள்ளிகளுக்குப் புதிர்ப்போட்டி நடத்தியது. வட்டாரச் சுற்றுக்கு ஒவ்வொரு பள்ளியும் தன் ஊரைப் பற்றிப் பத்துக் கேள்விகளை விடையுடன் முன்கூட்டியே அனுப்ப வேண்டும். அவை எதிரணியிடம்தான் கேட்கப்படும். இந்த விதியில் எனக்குக் குறையில்லை. எங்கள் பள்ளியின் கேள்விகளை எழுதியவள் நான்.

2. ஏழாம் கேள்வி: சுங்கை மெராந்தி தோட்டத்தில் மழையால் வேலை இல்லை என்றால் காலையில் மணியாகத் தொங்கும் தண்டவாளத் துண்டை எத்தனை முறை அடிப்பார்கள்? நான் எழுதிய விடை இரண்டு. மூன்று அடித்தால் பெரட்டுக்கு, அதாவது பெயர் கூப்பிடும் இடத்துக்கு, வர வேண்டும். இரண்டு அடித்தால் ரப்பர் மரம் நனைந்திருக்கிறது, பால் வெட்ட முடியாது என்று பொருள். வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோர் இராஜமாணிக்கம் இன்றும் அடிக்கிறார். கைப்பேசியிலும் செய்தி போடுகிறார். ஆனால் அடியைக் கேட்டுத்தான் எல்லாரும் நம்புகிறார்கள். வங்காளதேசத்திலிருந்து வந்த தொழிலாளர்களுக்கும் தமிழ் தெரியாமலே அது புரிகிறது.

3. கேள்விகளை அனுப்பிய படிவத்தில் ஆதாரம் என்ற கட்டத்தில் "அம்மா" என்று மட்டும் எழுதினேன். அது என் பிழை. பால்வெட்டுத் தொழிலாளி மயிலம்மாள் என்று முழுமையாக எழுதியிருக்க வேண்டும். ஏற்பாட்டாளர்கள் ஏதோ ஓர் இணையப் பக்கத்தைப் பார்த்து விடையை மூன்று என்று மாற்றிவிட்டார்கள். எங்களுக்குத் தெரிவிக்கவில்லை.

4. எதிரணி மூன்று என்றது. பத்துப் புள்ளி பெற்றது. நான் எழுந்து மறுத்தேன். புதிர் நடத்துநர், "கேள்விதாம்மா உங்களோடது. பதில் எங்க அட்டையில உள்ளதுதான். உட்காரு லா," என்றார். அரங்கம் சிரித்தது. ஐந்து புள்ளியில் தோற்றோம்.

5. கோப்பையை நான் கேட்கவில்லை. ஆனால் இவ்வாண்டுக் கேள்விகளை நூலாக்கி டிசம்பரில் எல்லாப் பள்ளிகளுக்கும் அனுப்பப்போவதாகக் கழகம் அறிவித்துள்ளது. பிறகு அந்த நூலே ஆதாரமாகிவிடும். வேறொரு பள்ளி அதிலிருந்து எடுத்து எங்களிடமே கேட்கலாம். என் அணித் தோழி அல்ஃபியா, "அடுத்த வருஷப் பிள்ளைங்கள பேசாம மூணுன்னு சொல்லச் சொல்லு லா, மார்க்காவது கிடைக்கும்," என்கிறாள். தினமும் காதில் விழுவதை மறந்தால்தான் எங்கள் தோட்டத்துப் பிள்ளைகள் வெல்ல முடியும்.

6. அம்மாவிடம் சொன்னேன். "மூணு அடிச்சிருந்தா நான் மழையில கிளம்பிப் போயிருப்பேனே," என்றார்.

ஆகவே, விடையை இரண்டு என்று திருத்தி அச்சிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். எழுத்து ஆதாரம் கேட்டிருந்தீர்கள். இம்மனு எழுத்தில் இருக்கிறது. நாளும் இடமும் கையொப்பங்களும் இருக்கின்றன. இதுவும் போதாதென்றால், மழை பெய்யும் ஒரு நாள் காலை ஐந்தரை மணிக்குத் தங்கள் அலுவலர் ஒருவர் இங்கே வரட்டும். மூன்று அடி கேட்டால் மனுவைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

இடம்: சுங்கை மெராந்தி தோட்டம்
நாள்: 22 செப்டம்பர் 2025

திருத்தத்தை எதிர்நோக்கும்,
லோஷினி

உறுதி கூறுவோர்:
இராஜமாணிக்கம், மண்டோர் (அடிப்பவர்)
மயிலம்மாள், பால்வெட்டுத் தொழிலாளி (ஏழாம் கேள்வியின் ஆதாரம்)