உழாமல் விட்ட இடம்

ஹெண்ணூர் ரோடு, பெங்களூர்
10 ஜனவரி 1992

அன்புள்ள ஜோவிதா அப்பாவுக்கு,

யூனிஸ் எழுதுகிறேன். ஆண்டவர் புண்ணியத்தில் நானும் பிள்ளையும் சுகமாக இருக்கிறோம். மஸ்கட் குளிரில் வந்த இருமல் விட்டதா என்று எழுதவும். உங்கள் தந்திக்கு 'இருவரும் நலம்' என்று மட்டும் பதில் கொடுத்தேன். நடந்ததை எல்லாம் எழுத இப்போதுதான் மனம் வந்திருக்கிறது.

முதலில் டிராக்டரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், கேட்டிருந்தீர்கள். ஓடுகிறது. ரேடியேட்டரில் ஒழுகிய இடத்தை மர்பி டவுனில் என் தம்பி டிரேவர் பற்றவைத்து வாங்கித் தந்தான். ஏர் ஃபில்டர் கிண்ணத்தில் ஆயில் மாற்றினேன். கிரீஸ் அடிக்க வேண்டிய இடங்களில் தவறாமல் அடிக்கிறேன். செல்ஃப் மோட்டார் போனது போனதுதான், ஹேண்டில் போட்டுச் சுற்றித்தான் எடுக்கிறேன். நீங்கள் காட்டித் தந்தபடி பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, இன்ஜின் சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்குத் திருப்புகிறேன். நிறுத்துவதற்கு முன் மறுபடி பெட்ரோலுக்கு மாற்ற ஒரு தடவை மறந்துவிட்டேன். மறுநாள் சுற்றிச் சுற்றிக் கை வீங்கியது. அதன் பிறகு மறப்பதில்லை.

ஜோவிதா அரைப் பரீட்சை எழுதவில்லை. பள்ளிக்கூடத்தையே மூடிவிட்டார்கள். காவிரித் தண்ணீர் விஷயமாக டிசம்பரில் இங்கே நடந்த கலவரத்தை அங்கே பேப்பரிலும் போட்டிருப்பார்கள். நம் பக்கம் ஒன்றும் வராது என்றுதான் இருந்தோம். கல்குவாரியில் வேலை செய்கிற தர்மபுரிக்காரர்களின் குடிசைகளுக்கு ஒரு நாள் காலையில் தீ வைத்துவிட்டார்கள். வந்தவர்கள் யாரும் நம் ஊர் ஆட்கள் இல்லை என்கிறார்கள். குடிசையில் இருந்தவர்கள் கைக்குக் கிடைத்ததை எடுத்துக்கொண்டு தோப்புகளுக்குள் ஓடினார்கள். காந்தாவால் ஓட முடியவில்லை. நம் கிணற்றில் தண்ணீர் எடுக்க வருவாளே, சந்தானத்தின் மனைவி, அவளுக்கு நிறைமாதம். சந்தானம் சிவாஜிநகர் பக்கம் வேலைக்குப் போனவன் திரும்பவில்லை. அவள் நம் டிராக்டர் ஷெட்டுக்குள் வந்து விழுந்தாள். மதியத்துக்கு மேல் வலி எடுத்தது. வயிற்றில் பிள்ளை அசையவே இல்லை என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

பஸ் இல்லை, ஆட்டோ இல்லை. ஊரில் பிரசவம் பார்க்கிற அம்மாள் வந்து பார்த்துவிட்டு, தன்னால் ஆகாது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ என்று சொல்லிவிட்டார். நான் டிரெய்லரில் வைக்கோலைப் பரப்பிக்கொண்டிருந்தேன். அப்போது பக்கத்து நிலத்து முனிராஜ் வேலியைத் தாண்டி வந்தார். வரப்புத் தகராறுக்குப் பிறகு அவர் நம் வாசல் மிதித்ததில்லை. வண்டியை எடுக்காதே என்று தடுக்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அவர் ஸ்பேனரை எடுத்து, நாம் ஓசூரில் வாங்கியதிலிருந்து மாற்றாமல் வைத்திருந்த தமிழ்நாட்டு நம்பர் பிளேட்டைக் கழற்றினார். டிரெய்லர் பலகையில் நீங்கள் தமிழில் எழுதி வைத்த மாதா பெயரின் மேல் கிரீஸை அள்ளிப் பூசினார்.

"நானும் வரேன். யாராச்சும் நிறுத்துனா நீங்க வாயைத் திறக்கக் கூடாது," என்று தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்.

எனக்குக் கன்னடம் வரும்தான். ஆனால் நான் பேசினால் தமிழ்க்காரி என்று யாருக்கும் தெரிந்துவிடும். அவருக்கு டிராக்டர் ஓட்ட வராது. அதனால் நான் ஓட்ட, அவர் டிரெய்லரில் காந்தாவின் தலைமாட்டில் உட்கார்ந்தார். ஜோவிதாவை அவர் வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்பினோம்.

ரோட்டில் டயர் எரிகிற புகை தூரத்திலேயே தெரிந்தது. நிறுத்த வேண்டி வரும் என்று குழாயைப் பெட்ரோலுக்குத் திருப்பினேன். பெட்ரோல் பங்க்குகள் எல்லாம் மூடிக் கிடந்தன. டேங்கின் அடியில் கொஞ்சம்தான் மிச்சம் இருந்தது. புகைக்குப் பக்கத்தில் ஒரு கூட்டம், கைகளில் கட்டைகள். இன்ஜினை நிறுத்தச் சொன்னார்கள். நிறுத்தினேன்.

முனிராஜ் டிரெய்லரில் எழுந்து நின்றார். "நம் தங்கி கணப்பா, ஹெரிகெ நோவு பந்திதே," என்றார். எங்கள் தங்கச்சி, பிரசவ வலி எடுத்திருக்கிறது என்று. நான்கைந்து பேர் எட்டிப் பார்த்தார்கள். காந்தா முந்தானையைக் கடித்துக்கொண்டு சத்தம் வராமல் கிடந்தாள். போகலாம் என்று ஒருவர் கையைக் காட்டினார்.

நான் இறங்கி ஹேண்டிலைச் செருகினேன். இரண்டு தடவை சுற்றிப் பார்த்தேன், இன்ஜின் பிடிக்கவில்லை. கூட்டத்திலிருந்த ஒரு வாலிபர் கட்டையைத் தரையில் போட்டுவிட்டு வந்து ஹேண்டிலை என்னிடமிருந்து வாங்கினார். கட்டை விரலை மடக்கி இறுக்கிப் பிடித்தார். அப்படிப் பிடித்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும்.

"கட்டை விரலை மடக்காதப்பா. திருப்பி அடிச்சா கை ஒடஞ்சிடும்."

என்னை அறியாமல் சொல்லிவிட்டேன். தமிழில்.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். முனிராஜ் டிரெய்லரிலிருந்து இறங்குவது தெரிந்தது. நான் மாதாவைக்கூடக் கூப்பிடவில்லை, எதுவுமே தோன்றவில்லை. அந்த வாலிபர் தன் கையைப் பார்த்தார். விரலை எடுத்து மற்ற விரல்களோடு சேர்த்து வைத்துக்கொண்டு ஓங்கிச் சுற்றினார். இன்ஜின் பிடித்துக்கொண்டது. கட்டையைப் பொறுக்கிக்கொண்டு ஒதுங்கி நின்று, "ஹோக்லி பிடி," போகட்டும் விடுங்கள் என்று மற்றவர்களிடம் சொன்னார். அவர் முகம் இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. நம் டிரேவர் வயதுதான் இருக்கும்.

ஃப்ரேசர் டவுன் பக்கம் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். காந்தா பிழைத்துக்கொண்டாள். பெண் பிள்ளை, இறந்தே பிறந்தது. இன்னும் தாமதித்திருந்தால் தாயும் போயிருப்பாள் என்று சிஸ்டர் சொன்னார்கள். அதைச் சொல்லித்தான் இன்றுவரை என்னைத் தேற்றிக்கொள்கிறேன்.

மறுநாள் பகலில் ஊரடங்கைக் கொஞ்சம் தளர்த்தினார்கள். காந்தாவால் எழுந்திருக்க முடியவில்லை, சந்தானத்தைப் பற்றித் தகவல் இல்லை. பிள்ளையை யார் வாங்கிக்கொள்வது என்று கேட்டார்கள். முனிராஜ் கையை நீட்டினார். தன் துண்டில் சுற்றி, வழி முழுவதும் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். வேறு எங்கே கொண்டு போவது? நம் நிலத்தில் கிழக்கு ஓரம், சப்போட்டா மரத்துக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தோம். அவர்தான் குழி தோண்டினார். நான் எனக்குத் தெரிந்த ஜெபத்தைச் சொன்னேன்.

அந்த வாரமே யாரோ முனிராஜின் வைக்கோல் போருக்குத் தீ வைத்துவிட்டார்கள். எங்களுக்குப் போய் உதவினதால்தான் என்று அவர் மனைவி நினைக்கிறாள். என்னைப் பார்த்தால் உள்ளே போய்விடுகிறாள். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. முனிராஜ் மட்டும் வந்து, ராகி களத்தில் கல் உருளை இழுக்க டிராக்டர் வருமா என்று கேட்டார். போய் ஓட்டிக் கொடுத்தேன். 

சந்தானம் உயிரோடு வந்து சேர்ந்தான். யாரோ ஒரு முதலாளி அவனைத் தன் குடோனில் பூட்டி வைத்துக் காப்பாற்றியிருக்கிறார். இருவரும் தர்மபுரிக்கே போய்விட்டார்கள். போகிற அன்று காந்தா சப்போட்டா மரத்தடியில் ரொம்ப நேரம் நின்றாள். பிறகு என்னிடம் வந்து, "இந்த எடத்துல மட்டும் ஏர் ஓட்டாதீங்கக்கா," என்றாள். சரி என்று சொன்னேன்.

கிறிஸ்துமஸுக்கு நீங்கள் போட்ட கடிதம் அதற்குப் பிறகுதான் கிடைத்தது. நிலத்தையும் டிராக்டரையும் விற்றுவிட்டு ஆம்பூரில் உங்கள் அக்கா வீட்டுக்குப் போகச் சொல்லியிருந்தீர்கள். டிரேவரும் அதையே சொல்கிறான். நிலத்தை வாங்கக் கேட்டிருந்த எலகங்காக்காரர் வந்து சுற்றிப் பார்த்தார். மேடு பள்ளம் எல்லாவற்றையும் சமன் செய்து மனையாகப் போடப் போகிறாராம். மரங்கள் நிற்காது என்றார். வீட்டுக்காரரைக் கேட்டுச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

போன வாரம் நிலத்தை ஒரு சால் உழுது போட்டேன். மரத்தருகே வந்ததும் கலப்பையைத் தூக்கிக்கொண்டு, சுற்றிப் போய் மறுபடி இறக்கினேன். அந்த வளைவில் வண்டியைத் திருப்புவது கஷ்டம்தான். பழகிவிட்டது.

உங்கள் சொல்லை நான் தட்டியதில்லை. பயமாக இல்லை என்றும் சொல்ல மாட்டேன். கேட்டில் ஆள் சத்தம் கேட்டால் ஜோவிதா விளையாட்டை விட்டுவிட்டு உள்ளே ஓடி வருகிறாள். ஆனாலும் விற்பதென்றால் நீங்கள் வந்துதானே கையெழுத்துப் போட வேண்டும். லீவு சொல்லிவிட்டு ஒரு முறை வாருங்கள். வந்து அந்த மரத்தடியில் என்னோடு கொஞ்ச நேரம் நில்லுங்கள். அதற்குப் பிறகு நீங்கள் என்ன சொன்னாலும் கேட்கிறேன்.

மாதா உங்களை நல்லபடியாக வீடு கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உங்கள்
யூனிஸ்