கிணத்துக்கடவில் இன்று சாயங்காலம் நாடகம்

ஏனுங்க,

ஷிப்ட் முடிந்து வந்ததும் முதலில் சாப்பிடுங்கள். அரிசிம்பருப்புச் சாதம் குக்கரில், தயிர் ஃப்ரிட்ஜில்.

நேற்று நீங்கள், "நாடகக்காரங்களப் பத்திக் குறும்படம் எடுக்க, நாடகமே போட்டுக் காசு சேக்கறீங்களா? யாரு அம்மணி வருவாங்க?" என்று சிரித்தீர்கள். நான் விளக்கை அணைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டேன். காலையில் மண்டபக்காரர் போன் செய்தார். "டிக்கெட் பூரா வித்துப்போச்சுங்க. நாற்காலிதான் பத்தலீங்க, பள்ளிக்கூடத்துல கேட்டிருக்கறேன்" என்கிறார். அவசரமாகக் கிளம்பிக்கொண்டே எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அதனால்தான். அடுத்த மாதமே படப்பிடிப்பு. கேமரா வாடகைக்கு இனி யாரிடமும் போய் நிற்க வேண்டாம்.

சிலிண்டர் வந்தால் வாங்கிவைக்கப் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டேன். நீங்களும் வீட்டில் இருக்கப் போவதில்லை. நாடகத்தில் என் கணவராக வரும் கதிருக்குத் தொண்டை கட்டிக்கொண்டு குரலே வரவில்லை. அந்த வசனம் முழுக்கத் தெரிந்த இன்னொரு ஆள் நீங்கள்தான். வீட்டில் ஒத்திகை பார்க்கும்போது நான் வரியை மறந்தால் குளியலறையிலிருந்து எடுத்துக்கொடுத்தது யார்?

உக்கடத்தில் பொள்ளாச்சி பஸ் ஏறி, கிணத்துக்கடவில் இறங்கி, இருட்டுவதற்குள் வந்துவிடுங்கள். வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டுக் கட்டில் மேல் வைத்திருக்கிறேன்.

கிருபா

கதவைப் பூட்டப் போனவள் திரும்பி வந்து எழுதுகிறேன்: நேற்றைய கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. கடைசிக் காட்சியில் நீங்கள் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறீர்கள், ஞாபகம் இருக்கட்டும். எல்லார் முன்னாலும்.